மாடத்தி அக்காவின் இடது கண்

ஜூன் 16, ஞாயிறு

சங்கக் கூட்டத்தில் இன்று முடிவாகிவிட்டது. ஜூலை ஏழாம் தேதி பதவியேற்பு. புளியங்குடி அன்புக்கரங்கள் சங்கம் ஆரம்பித்து இருபத்தெட்டு வருடங்கள் ஆகின்றன. ஒரு பெண் தலைவராவது இதுதான் முதல் முறை. அந்தப் பெண் நான்.

இப்போதைய தலைவர் கூத்தபெருமாள் அண்ணாச்சி, ஹார்டுவேர் கடைக்காரர், எல்லோருக்கும் முன்னால் கை தட்டினார். பிறகு சொன்னார்: "டீச்சர், நாற்காலில உக்காருததுக்கு முன்னால ஒரு கண் முகாமை நடத்திக் காட்டிருங்க. ஆப்பரேஷன் நாப்பதைத் தாண்டணும். தாண்டுச்சுன்னா மாவட்ட விருது நமக்குத்தான்."

தாண்டும் என்றேன். வீட்டில் வந்து சொன்னபோது இவர் மின்வாரியச் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "இனிமே வீட்டுப் பக்கம் வருவியா?" என்று கேட்டார். கேலிதான்.

அரிசி ஊறப்போட மறந்துவிட்டேன். நாளை காலையில் உப்புமா.

ஜூன் 22, சனி

பள்ளி இல்லை. பீடி சுற்றும் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். இருபத்திரண்டு வீடுகள், ஒன்பது பெயர்கள். பயம்தான் எல்லோருக்கும்.

மாடத்தி அக்காவிடம் மூன்றாவது முறையாகப் போனேன். எலுமிச்சை மண்டியில் காய் பொறுக்கிப் பிரிக்கிறவர். வயது ஐம்பத்தெட்டு. இரண்டு கண்ணிலும் புரை, இடதில் அதிகம். "பெருசு சின்னது கைக்கே தெரிஞ்சிரும் தாயி. தோல்ல இருக்க கறுப்புப் புள்ளிதான் தெரிய மாட்டேங்கு. நேத்து நல்ல காய்க் குமியில சொத்தையைப் போட்டுட்டேன்னு முதலாளி ஏசுதாவ."

"அதுக்குத்தானே அக்கா வரச் சொல்லுதேன்."

"கண்ணுல கத்தி வைப்பாவளாமே."

மகள் இசக்கி மூங்கில் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். புருஷனை விட்டு வந்து நான்கு வருடமாகிறது. "போட்டும் டீச்சர், பயப்படுதவளை எதுக்குக் கட்டாயப்படுத்திக்கிட்டு" என்றாள். நான் விடவில்லை. மருந்து விட்டு மரத்துப்போன பிறகுதான் செய்வார்கள், கால் மணி நேரம், மறுநாள் வீடு, என்ன ஆனாலும் நான் பொறுப்பு என்று சொன்னேன். அக்கா கடைசியில் தலையை ஆட்டினார்.

பத்து.

ஜூன் 30, ஞாயிறு

முகாம் முடிந்தது. எங்கள் பள்ளி வளாகம் நிரம்பிவிட்டது. நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் பரிசோதனை, ஆப்பரேஷனுக்கு நாற்பத்தொரு பேர். சாம்பார் சாதம் மட்டும் கொஞ்சம் பற்றாமல் போனது.

சாயந்திரம் எல்லோரையும் ஆஸ்பத்திரி பஸ்ஸில் ஏற்றினோம். இரண்டரை மணி நேரப் பயணம். எனக்கு நாளை பள்ளி இருப்பதால் அண்ணாச்சி கூடப் போகிறார். மாடத்தி அக்கா படியில் நின்று, "நீ வரலையா?" என்று கேட்டார். வந்துவிடுகிறேன் என்றோ என்னவோ சொன்னேன். பஸ் கிளம்பிவிட்டது.

ஜூலை 3, புதன்

எல்லோரும் திரும்பிவிட்டார்கள். பள்ளி வாசலில் நாற்பத்தொரு கறுப்புக் கண்ணாடி. பார்க்கச் சிரிப்பாகவும் இருந்தது, கண் கலங்கவும் செய்தது. மாடத்தி அக்கா என்னைப் பிடித்து நிறுத்தி, கண்ணாடியை லேசாகத் தூக்கி, "டீச்சரு, உன் சேலை வாடாமல்லி கலரு!" என்றார். நிஜமாகவே வாடாமல்லிதான்.

ஆஸ்பத்திரியில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை கொடுத்திருக்கிறார்கள். விருதுக்கான அறிக்கையில் எல்லா அட்டைகளின் நகலையும் இணைக்க வேண்டும். அதனால் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். இவர்கள் கையில் இருந்தாலும் தொலைத்துவிடுவார்கள். முன்பக்கம் மட்டும் நகல் எடுத்தால் போதும். பின்பக்கத்தில் வழக்கமான அறிவுரைகள்தான். அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஜூலை 5, வெள்ளி

மண்டபத்துக்காரர் மைக் செட் தனி என்கிறார். அழைப்பிதழில் என் பெயரில் ஒற்றுப்பிழை, திருத்தச் சொன்னேன். சாயந்திரம் மாடத்தி அக்கா போன் செய்தார், கண் உறுத்துகிறதாம், வலிக்கிறதாம். ஆப்பரேஷன் செய்த கண் அப்படித்தான் இருக்கும், சொட்டு மருந்தை விடாமல் போடுங்கள் என்றேன். பொன்னாடை பதினைந்து வாங்கியாயிற்று. மேடைக்கு வாழைமரம் வேண்டும்.

ஜூலை 6, சனி

பகல் முழுக்க மண்டபத்தில். ஏற்புரையை இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். போன் பைக்குள் கிடந்தது, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். தவறிய அழைப்புகள் நிறைய. முக்கியமானவர்களுக்கு மட்டும் திருப்பிப் பேசினேன்.

ஜூலை 7, ஞாயிறு

நல்லபடியாக முடிந்தது. மாவட்டத் தலைவரே வந்திருந்தார். நாற்பத்தொரு பேருக்குப் பார்வை கொடுத்த கை என்று என் கையைப் பிடித்துத் தூக்கினார். மண்டபமே கை தட்டியது. என் வீட்டுக்காரர் கடைசி வரிசையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா இருந்திருந்தால் பார்த்திருப்பாள்.

ஜூலை 8, திங்கள்

பள்ளி விட்டதும் லட்டுப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு பீடித் தெருவுக்குப் போனேன். ஆப்பரேஷன் செய்துகொண்டவர்களோடு ஒரு போட்டோ எடுத்தால் அறிக்கைக்கு நன்றாக இருக்கும் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

மாடத்தி அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.  இசக்கி அம்மாவின் தோளைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். இடது இமை வீங்கி மூடியிருந்தது. ஓரத்தில் சீழ். நான் இமையைத் தூக்கியதும் அக்கா அலறிவிட்டார். கறுவிழி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக இருந்தது.

அண்ணாச்சிக்குப் போன் செய்து கார் வரவழைத்தேன். வழியெல்லாம் அக்கா என் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண், அக்காவுக்கு ஆப்பரேஷன் செய்தவரே அவர்தான். விளக்கடித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. எப்போதிலிருந்து வலி என்று கேட்டார். பதில் சொன்னேன். எழுதிக்கொண்டார்.

லட்டுப் பெட்டிகள் காரிலேயே கிடக்கின்றன.

ஜூலை 9, செவ்வாய்

கண்ணுக்குள் ஊசி போட்டிருக்கிறார்கள். விடுப்பு சொல்லிவிட்டு இங்கேயே இருக்கிறேன்.

ஜூலை 11, வியாழன்

இன்னொரு ஆப்பரேஷன். உள்ளே பரவியிருக்கும் கிருமியைச் சுத்தம் செய்ய வேண்டுமாம். வராந்தாவில் நானும் இசக்கியும் ஒரே பெஞ்சில். இரண்டு மணி நேரம். "டீ வாங்கிட்டு வரட்டா?" என்றேன். "வேண்டாம்" என்றாள். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

ஜூலை 15, திங்கள்

கண்ணைக் காப்பாற்ற முடியாது என்கிறார்கள். அப்படியே விட்டால் மூளைக்குப் போய்விடும், எடுத்துவிட வேண்டும். டாக்டர் இதைச் சொல்லும்போது எங்கள் இருவரையும் பார்க்காமல் மேசையைப் பார்த்தே சொன்னார்.

இசக்கி கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. அதில் நான் போட்டேன்.

ஜூலை 16, செவ்வாய்

எடுத்தாயிற்று.

ஜூலை 21, ஞாயிறு

அவசரக் கூட்டம். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "ஆயிரத்துல ஒண்ணு இப்படி ஆவுமாம். டாக்டரே சொல்லுதாவ. டீச்சர் எட்டு நாள் ஆஸ்பத்திரில கெடந்தாவ, பெத்த பிள்ள கூட செய்யாது" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆமாம் என்று சொல்லச் சொல்ல எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

ராஜினாமா செய்கிறேன் என்றேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார். "நல்ல மனசு இருக்கவங்களுக்குத்தான் இப்படித் தோணும்."

அறிக்கையில் எப்படி எழுதுவது என்று ஒருவர் கேட்டார். நாற்பத்தொரு அறுவை சிகிச்சைகள் செய்யப்பட்டன என்று எழுதினால் அதில் பொய் இல்லையே என்றார் இன்னொருவர். பொய் இல்லைதான். நானே தட்டச்சு செய்தேன்.

ஜூலை 24, புதன்

மதிய இடைவேளையில் அந்தச் சின்ன டாக்டர் போன் செய்தார். அவர் ஆப்பரேஷன் செய்த மற்ற எல்லோரையும் திரும்ப வரவழைத்துப் பார்த்துவிட்டார்களாம். ஒருவருக்கும் எதுவும் இல்லை. ஆனாலும் ஆப்பரேஷன் தியேட்டரைப் பூட்டிச் சோதனை நடக்கிறது. விசாரணை முடியும்வரை அவர் கத்தி தொடக்கூடாதாம்.

"ஒரே நாள்ல கண்ணு முழுக்கப் பரவுற கிருமின்னா ரொம்ப வீரியமா இருக்கணும் மேடம். அது தியேட்டர்ல இருந்து வந்திருக்குமோன்னு சந்தேகப்படுறாங்க. வலி ஞாயித்துக்கிழமை சாயந்திரம்தானே ஆரம்பிச்சது? நீங்க அப்படித்தான் சொன்னீங்க. உறுதியா ஞாயிறுதானா?"

மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள்.

"ஆமா டாக்டர்" என்றேன்.

ஜூலை 25, வியாழன்

 மதியம் சாப்பிடவில்லை. மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு, ஏழு வரை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மாடத்தி அக்காவைப் பார்க்கப் போனேன். நான்கு நாளாகப் போக வேண்டும் போக வேண்டும் என்றிருந்து இன்றுதான் போனேன். இடது கண் இருந்த இடத்தில் வெள்ளைத் துணி. வலது கண்ணிலும் புரை முற்றிக்கொண்டு வருகிறது. மண்டியில் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில் பீடி இலையை நனைத்து, ஈரத்துணியில் சுருட்டி வைப்பதுதான் வேலை. அதற்குக் கை போதும்.

பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களிடம் அக்கா என்னைக் காட்டிச் சொன்னார்: "எட்டு நாளு எங்கூடக் கெடந்தா. எனக்குக் கஞ்சி ஊட்டுனா. எந்த டீச்சரு செய்வா, சொல்லு?" பிறகு என் முழங்கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "நீ என்ன தாயி செய்வ. என் தலையெழுத்து" என்றார்.

இசக்கி தலை நிமிரவில்லை. சுளகில் இலை வெட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

மஞ்சள் அட்டைகளைத் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்து அடுக்கினேன். மாடத்தி அக்காவின் அட்டை நடுவில் இருந்தது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் தடித்த எழுத்தில்:

"வலி, சிவப்பு, பார்வை மங்கல் — இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த நேரமானாலும் உடனே வரவும். ஒரு நாள் தாமதமும் கண்ணை இழக்கச் செய்யலாம்." கீழே இரண்டு போன் எண்கள்.

அக்கா போன் செய்த வெள்ளிக்கிழமை அந்த அட்டை அவர் வீட்டில் இல்லை. என் பீரோவில் இருந்தது.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை அக்கா உறுத்தல் என்று மட்டும் சொல்லவில்லை. "உயிர் போவுது தாயி, பட்டுன்னு இருட்டிக்கிட்டு வருது" என்றார். நான் அப்போது பொன்னாடைக் கடையில் இருந்தேன். நீல பார்டரா சிவப்பு பார்டரா என்று கடைக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். திங்கள்கிழமை வந்து பார்க்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சனிக்கிழமை வந்த தவறிய அழைப்புகளில் ஆறு, இசக்கியின் எண்ணிலிருந்து. பார்த்தேன். விழா முடியட்டும் என்று இருந்துவிட்டேன்.

டாக்டர் கேட்டபோது இசக்கி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். நேற்று சாயந்திரம் என்று.

இவர் உள்ளே வந்து என்ன எழுதுகிறாய் என்றார். சங்க வேலை என்றேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மாவட்ட விருது நமக்குத்தான். மேடையில் அண்ணாச்சி என்னை முன்னால் தள்ளிவிட்டார். கேடயம் கனமாக இருந்தது. கீழே வைக்க இடம் தேடினேன், எல்லோரும் போட்டோவுக்குப் பிடிக்கச் சொன்னார்கள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

இன்று விடுமுறை. ஒரு வாரமாக ஆஸ்பத்திரி எண்ணைப் போட்டுப் போட்டு வைத்துக்கொண்டிருந்தவள் இன்று பேசிவிட்டேன். அந்தச் சின்ன டாக்டர் வேண்டும் என்றேன்.

"அவங்க போன வாரம் வேலையை விட்டுட்டுப் போயிட்டாங்க மேடம். நீங்க யாரு?"

மாடத்தியின் விஷயமாக என்றேன். வலி ஆரம்பித்த நாளைத் தவறாகச் சொல்லிவிட்டேன், ஞாயிறு இல்லை, வெள்ளிக்கிழமை, என் தவறு, எழுதித் தருகிறேன் என்றேன். போனை எடுத்த பெண் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தாள்.

"அந்த ஃபைல் முடிச்சாச்சு மேடம். தியேட்டர்ல ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட் வந்துருச்சு."

"அப்போ அந்த டாக்டர் மேல தப்பில்லன்னுதானே?"

"அதெல்லாம் எங்களுக்குத் தெரியாதுங்க. அவங்க ஆப்பரேஷனே பண்ண மாட்டேன்னு சொல்லிட்டுப் போனாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அவங்க நம்பர் தர முடியாது மேடம். வேற ஏதாவது இருக்கா?"

இல்லை என்றேன். என்ன இருக்கிறது. ஆனாலும் தபாலில் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன், ஆஸ்பத்திரித் தலைவருக்கு, என் கையெழுத்தோடு. பதில் வராது என்று தெரியும்.

செப்டம்பர் 1, ஞாயிறு

அக்கா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து இசக்கியிடம் போனேன். வாசலில் நின்றே சொன்னேன். உங்க அம்மா வெள்ளிக்கிழமையே எனக்குப் போன் செய்தார்கள், நான்தான் பொறுக்கச் சொன்னேன் என்று. 

இசக்கி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "தெரியும் டீச்சர். நான்தானே நம்பர் போட்டுக் குடுத்தேன். பக்கத்துல நின்னுதான் கேட்டேன்."

 படியில் உட்கார்ந்தேன்.

"டாக்டரம்மா கேக்கையில நீங்க ஞாயித்துக்கிழமைன்னிய. எனக்கு நாக்கு நுனில வந்துட்டு. அங்க எங்களுக்கு யாரத் தெரியும்? நீங்களும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியன்னா அம்மையை வச்சுக்கிட்டு நான் எங்க நிப்பேன்? முழுங்கிட்டேன்." கை நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. "வெள்ளிக்கிழமையே நான் பஸ்ஸைப் புடிச்சிருக்கலாம். டீச்சர் சொல்லுதாவளேன்னு இருந்துட்டேன். அத நெனச்சா எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு."

"உன் மேல என்ன தப்பு இசக்கி?"

"அப்போ உங்க மேல தானா?" முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தாள். "சொல்லிட்டிய. உங்களுக்கு நெஞ்சு லேசாயிருக்கும். எனக்கு என்ன ஆச்சு, சொல்லுங்க?"

 அக்காவுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன்.

"அது எங்க மறக்கும். 'அவளுக்கு விழா வேலை, பாவம் எத்தனையத்தான் பாப்பா'ங்கா. உங்கள ஒரு சொல் சொல்ல விட மாட்டேங்கா." மறுபடி குனிந்துகொண்டாள். "வெயில்ல இருக்காதிய. போங்க."

செப்டம்பர் 8, ஞாயிறு

கூட்டத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை, சனிக்கிழமை, அட்டை, டாக்டரிடம் சொன்ன பொய்.  அண்ணாச்சி, "டீச்சர், மனசைப் போட்டுக் குழப்பிக்காதிய. சங்கத்துப் பேரு இருக்கு" என்றார். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொன்னேன். செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அடுத்த பொருள், அக்டோபர் முகாம்.

வீட்டில் இவரிடமும் சொன்னேன். "என்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா நான் கூட்டிட்டுப் போயிருப்பேனே" என்றார். அதுவும் உண்மைதான். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் சும்மாதான் இருந்தார்.

செப்டம்பர் 14, சனி

அக்டோபர் முகாமுக்குப் பீடித் தெருவில் ஒரு பெயர் கூடக் கிடைக்கவில்லை. யாரும் சண்டை போடவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், பார்ப்போம் என்றார்கள். வீட்டுக்கு வீடு இதே. திரும்பி வரும்போது வேறு யாராவது இந்த வேலையைச் செய்யட்டும் என்று நினைத்தேன். வேறு யார் போனாலும் இந்தத் தெரு கதவைத் திறக்கப் போவதில்லை என்பதும் தெரிந்தது. அந்தக் கதவை மூடியது நான்.

செப்டம்பர் 22, ஞாயிறு

மாடத்தி அக்கா ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

நேற்று இசக்கி அவரை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறாள். வலது கண் இன்னும் ஏழெட்டு மாதத்தில் முழுக்க மூடிவிடும், ஆப்பரேஷன் செய்தால் பார்வை கிடைக்கும் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். நான் போனபோது அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து இலைக்கட்டைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருந்தார். இசக்கி எதிரே சுளகோடு.

"எங்கல்லாமோ கேட்டுப் பாத்துட்டேன் தாயி. பண்ணு பண்ணுங்காவ. இவ வேண்டவே வேண்டாங்கா, இருக்க வெளிச்சம் போதும்ங்கா." இலைக்கட்டை வெளியே எடுத்து உதறினார். "எனக்கு ஒண்ணும் ஓடல. நீ சொல்லு. நீ வான்னா வாரேன். வேண்டாம்னா இருந்துக்கிடுதேன்."

இசக்கியின் கை நின்றுவிட்டது.

வாங்க என்று சொல்ல வேண்டும். சரியான பதில் அதுதான், எந்த டாக்டரும் அதைத்தான் சொல்வார். ஆயிரத்தில் ஒன்று மறுபடி வராது. வந்தால்? வேண்டாம் என்றால் சித்திரைக்குப் பிறகு அவருக்குப் பகலும் ராத்திரியும் ஒன்றுதான். இசக்கியைப் பார்த்தேன். அவள் எனக்கு உதவுவதாக இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அக்காவிடம் ஒரு முறை பொறுக்கச் சொன்னவள் நான்.

அக்கா ஈர இலையைத் துணியில் வைத்துச் சுருட்டினார். முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். அந்த முகம் எனக்கு ஒரு முழம் தள்ளி, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏம்மா, சத்தத்தையே காணும். இருக்கியா, போயிட்டியா?"

"இருக்கேன்க்கா" என்றேன்.